ஏழாம் நம்பர் மலைக் கல்

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்றாவது தடவையாகக் கேட்டார், "லேசர் எதற்கு?" என்று. ரோட்டுக்குப் போடும் கல்லைச் சோதிக்க என்று நானும் மூன்றாவது தடவையாகச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. சண்டை ஓய்ந்திருந்த காலம்தான். ஆனாலும் திருச்சியிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் நாற்பது கிலோ எடையுள்ள லேசர் கருவியோடு வந்து இறங்கினால் யாருக்கும் ஒரு யோசனை வரத்தான் செய்யும். கடைசியில் அவர் தன் மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கூழாங்கல்லை எடுத்து நீட்டி, "இதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்" என்றார். மின்சாரம் கொடுத்து, சூடேற்றி, தயாராக ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். அவருக்கு ஒரு மணி நேரம் இல்லை. முத்திரையைக் குத்திவிட்டார்.

நான் திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி உண்டு. லேசர் ஒளி ஒரு துடிப்பாகக் கல்லின் மேல் விழும். விழுந்த இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொறி கிளம்பும். அந்தப் பொறியின் ஒளியைப் பிரித்தால் கோடுகோடாகத் தெரியும். இந்தக் கோடு சோடியம், இந்தக் கோடு கால்சியம், இது அலுமினியம் என்று படித்துவிடலாம். நல்ல பாறையில் சோடியமும் கால்சியமும் பலமாக இருக்கும். பல நூறு வருடம் மழை ஊறி உளுத்த பாறையில் அவை கரைந்து போய் அலுமினியம் மட்டும் மிஞ்சும். அதாவது பாறை களிமண்ணாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கண்ணுக்கு இரண்டும் கல்தான்.

ஊவா மாகாணத்தில், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் ரோட்டை மூன்று முறை போட்டிருக்கிறார்கள். மூன்று முறையும் மழை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. நான்காவது முறை போடுவதற்குப் பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள், கல்லை முதலில் சோதித்துச் சொல்லுங்கள் என்றார்கள். வழக்கமான சோதனைக்குக் கல்லை நகரத்துக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துவிடும். அப்படித்தான் எங்கள் பெட்டிக்கு அழைப்பு வந்தது. பெட்டியை இயக்கத் தெரிந்தவள் என்பதால் எனக்கும்.

ரயில் பண்டாரவளை வரைக்கும் ஒழுங்காகத்தான் போயிற்று. அங்கே ஏறியவர்கள் கோவா என்கிற முட்டைக்கோஸ், கரட், லீக்ஸ் என்று மூட்டை மூட்டையாகக் காய்கறியை ஏற்றினார்கள். ரயில் பெட்டி முழுக்க ஈர மண் வாசனை. தெமோதரைக்கு முன்னால் ரயில் நின்றுவிட்டது. மண் சரிந்து தண்டவாளத்தில் விழுந்திருக்கிறதாம். ஸ்டேஷன் வரைக்கும் நடந்தால் பஸ் கிடைக்கும் என்று எல்லோரும் இறங்கினார்கள். எங்கள் ஊராக இருந்தால் முதலில் யாரைத் திட்டலாம் என்று ஒரு கூட்டம் கூடியிருக்கும். இங்கே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கத் தொடங்கிவிட்டார்கள், தினமும் நடப்பது போல.

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லீவில் ஊருக்குப் போகும் சிங்களச் சிப்பாய் ஒருவர் ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் காய்கறி வியாபாரி ஒருவர். சிப்பாய் சிங்களத்தில் ஏதோ கேட்டார். "உள்ளுக்கு என்னான்னு கேக்குறாருங்க" என்றார் வியாபாரி. ரோட்டுக் கல்லைப் பார்க்கும் கருவி என்றேன். சிப்பாய் சிரித்துவிட்டுச் சொன்னதை வியாபாரி இப்படி மொழிபெயர்த்தார்: "அப்ப எங்க ஊரு ரோட்டுக்கும் கொண்டாங்க. அங்க பாக்குறதுக்குக் கல்லே இல்ல."

வியாபாரி என்னிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். திருச்சி என்றதும், "எங்க தாத்தா தொறையூருன்னு சொல்லுவாரு. அது பக்கமா?" என்றார்.

"ஒரு மணி நேரப் பயணம்."

"அவ்வளவு கிட்டயா!" என்று நின்றுவிட்டார். கடலைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

பதுளையில் என்னை எதிர்பார்த்து நின்றவர் சிவபாலன். ரோட்டுப் பொறியாளர், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். இருபது வருடத்துக்கு மேலாகப் பதுளையில் உத்தியோகம். "வாங்கோ டொக்டர். நடந்தோ வந்தனீங்கள்? பெட்டிக்கு ஒண்டும் ஆகேல்லையே?" என்று, என்னைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சாப்பிட்டோம். நாங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, காய்கறி அடைத்த மரக்கறி ரொட்டி என்று கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாவற்றையும் தின்ன வேண்டுமோ என்று பயந்துபோனேன். தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போய்விடும் என்றார் சிவபாலன். திருச்சி ஓட்டலில் இதைச் செய்தால் தட்டு இரண்டாவது மேசையைத் தாண்டாது.

சாப்பிட்டு முடித்ததும் அவர் மெதுவாகச் சொன்னார். "அந்த ரோட்டை நான் மூண்டு தரம் பாத்திட்டன். மூண்டு தரமும் மழை கொண்டு போட்டுது. மூண்டிலயும் என்ர கையெழுத்து இருக்கு, டொக்டர்."

மறுநாள் ஜீப்பில் போனோம். ஓட்டுநர் பியதாச வளைவுகளில் ஒரு கையால் ஓட்டி, மறுகையால் வெற்றிலை மடித்தார். லுணுகலைக்கு அப்பால் தார் ரோடு முடிகிற இடத்தில், ஒப்பந்தக்காரர் கொட்டி வைத்த கற்குவியல் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதற்கு மேல் ஐந்து மைல் ஏற்றம். இங்கே மைல்கல்லைக் கட்டை என்பதால் தூரமும் கட்டைதான்: அஞ்சு கட்டை. முதல் கட்டையிலேயே ஜீப் இரண்டு முறை சேற்றில் இறங்கியது. நான்காவது கட்டையில் சைலன்சர் கழன்று விழுந்தது. பியதாச இறங்கி, அதை எடுத்துப் பின்னால் போட்டு, சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அதை மட்டும் சிவபாலன் மொழிபெயர்க்கவில்லை.

தோட்டத்தின் உச்சிப் பகுதியான மேல் டிவிசனில் பிள்ளைக்காம்பராவை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. குழந்தைகளை ஒரு வாரத்துக்குக் கோயில் மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். சுவரில் ஒரு கிளியும் ஒரு மாம்பழமும் வரைந்திருந்தது. மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் கொண்டுபோயிருந்தோம். லேசர் வெளிச்சம் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதால் ஜன்னல்களை அடைக்கத் துணி கேட்டேன். நாலைந்து கறுப்புக் கம்பளிகள் வந்தன. மழையில் கொழுந்து பறிப்பவர்கள் தலையோடு போர்த்திக்கொள்ளும் கனமான கம்பளிகள்.

கருவியைப் பொருத்திவிட்டு வெளியே வந்தால் வாசலில் பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் நின்றவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை; குழந்தையின் காதில் சீழ். அடுத்தவருக்குக் காலில் ஆறாத புண். சிவபாலன் என்னை டொக்டர், டொக்டர் என்று கூப்பிட்டதன் விளைவு. நான் கல்லுக்கு மட்டும்தான் டாக்டர் என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லும்போது சிரிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. குழந்தையை வைத்திருந்தவள், "பரவால்லீங்க, பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பெரியாஸ்பத்திரி என்றால் பதுளை. அங்கே போவதென்றால் அந்த ஐந்து கட்டையும் இறங்க வேண்டும்.

வரிசையைக் கலைத்துவிட்டவள் தங்கேஸ்வரி. நாற்பது வயதிருக்கும். கொழுந்து பறிப்பவள், டிவிசனின் மாதர் சங்கத் தலைவி. ரோட்டுக்காக எழுதிய மனுக்கள் எல்லாம் அவள் கையெழுத்தோடு போனவை. மழை நேரத்தில் சீக்காளிகளை எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று அவளிடம் கேட்டேன்.

"கம்பளியில போட்டு நாலு மூலையும் நாலு பேரு புடிச்சித் தூக்கிக்கிட்டுப் போவோங்க. ஒரு கட்டைக்கு ஒரு தரம் ஆள் மாத்திக்குவோம்" என்றாள். பிறகு, கேட்காததையும் சொன்னாள். "என் தங்கச்சிய அப்படித்தான் கொண்டுபோனோம். ஓடை வளைவுல புள்ள பொறந்திருச்சி. புள்ள நல்லாருக்கு, இந்தா நிக்கிறான் பாருங்க. தங்கச்சிதான் இல்ல."

ஜன்னலில் தொங்கிய கம்பளிகளைப் பார்க்காமல் இருக்க எனக்குக் கொஞ்சம் முயற்சி வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் குவியலிலிருந்து முப்பது கற்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தோம். தூறல் விடவில்லை. தார்ப்பாயை ஓரமாகத் தூக்கி, கைக்கு எட்டியதை எடுத்தோம். ஒவ்வொன்றாகத் துடைத்து, உலர்த்தி, லேசருக்கு முன்னால் வைத்தேன். "டிக், டிக்" என்று நகம் தட்டுவது போல ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வெள்ளைப் பொறி. கண்ணாடி மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவபாலன் ஒவ்வொரு பொறிக்கும் மூச்சை இழுத்தார். சோடியம் பலமாக வந்தது. கால்சியமும் வந்தது. முப்பதிலும் அப்படியே. சாயங்காலம் வெளியே வந்தபோது வாசலில் முப்பது நாற்பது பேர் கொழுந்துக் கூடையோடு நின்றிருந்தார்கள்.

"என்னாங்க சொல்லுது கல்லு?" என்றாள் தங்கேஸ்வரி.

அறிக்கை எழுதும் வரைக்கும் எதுவும் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது. ஆனால் அத்தனை முகங்கள். "நல்ல கல்லுங்க" என்றேன்.

அடுத்த நாள் எனக்கு விருந்து. கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். தங்கேஸ்வரியின் லயத்தில், அதாவது வரிசை வீட்டில், ஒற்றை அறையும் ஒரு சமையல்கட்டும்தான், அதில் பத்துப் பேர் உட்கார்ந்தோம். தேங்காய் ரொட்டி, மிளகாய் இடித்த கட்டசம்பல், சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. சம்பலின் உறைப்பில் எனக்குக் கண் கலங்கியதைப் பார்த்து, சீனியைக் கையில் கொட்டிக்கொடுத்து, நக்கிக்கொண்டு பால் விடாத பிளேன்டீயைக் குடிக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பேசுவது போலவே பேசினார்கள். 'போறேன்', 'வாங்க' எல்லாம் நம் பேச்சு. ஆனால் நடுவில் ஒரு சொல் காலை வாரிவிடும். மலை என்றால் மலையல்ல, தேயிலை நிற்கும் வயல். பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணி வேலைக்குப் பிரிப்பது. "பெரட்டுக்கு நேரமாச்சி, ஏழாம் நம்பர் மலைக்குப் போறேன்" என்று ஒருத்தி சொன்னதை நான் மூன்று முறை கேட்டுப் புரிந்துகொண்டேன்.

சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் கீழே இறங்கினோம். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் குவியலின் ஒரு பக்கத்தைப் பிரித்து ரோட்டில் பரப்பத் தொடங்கியிருந்தார்கள். நான் வேடிக்கை பார்க்க ஏறி, கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். அடி ஒன்றுமில்லை. ஆனால் குதிகாலுக்கு அடியில் ஒரு கல், மாவுருண்டை போல, சத்தமே இல்லாமல் நொறுங்கிற்று. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். கை முழுக்க, உளுத்த பாறை உதிர்க்கும் காக்காப்பொன் மினுங்கியது.

எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து, பிரித்த பக்கத்தில் உள்ளேயிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து ஒன்றோடொன்று மோதிப் பார்த்தேன். மேலேயிருந்தவை கணீரென்றன. உள்ளேயிருந்தவை மண் கட்டி போலச் சத்தம் போட்டன. குவியலுக்கு மேலே ஒரு அடுக்குத்தான் நல்ல கல். தூறலுக்குப் பயந்து நான் எடுத்ததெல்லாம் அந்த அடுக்கிலிருந்துதான்.

அன்று பிற்பகலே முப்பது கற்களை உள்ளேயிருந்து எடுத்துச் சோதித்தேன். பத்தொன்பதில் சோடியம் இருந்த சுவடே இல்லை. கருவி பொய் சொல்லவில்லை. காட்டியதைத்தான் அது பார்த்தது. காட்டியது நான்.

சிவபாலன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரிலிருந்த கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப என்ன செய்யப் போறியள்?"

"சொல்லணும் சார்."

"கல்லுச் சரியில்லை எண்டு எழுதினா வேலை நிக்கும். காசு திரும்பிப் போனாலும் போகும். நீங்கள் திருச்சிக்குப் போயிடுவியள், டொக்டர். நான் இங்கதான் இருக்கிறன். தோட்டத்துச் சனம் வந்து என்னட்டத்தான் கேப்பினம்."

நான் கற்களைத் திரும்பச் சாக்கில் போட்டேன். சாக்கைக் கட்டி முடித்தபோது அவரே சொன்னார்: "நாலாவது தரமும் கையெழுத்து வைக்க ஏலாது. காலமை நானும் வாறன்."

காலையில் பெரட்டுக் களத்துக்குப் போனோம். பனி இறங்கிக் கிடந்தது. ஆள் எண்ணி முடிந்ததும் கணக்கப்பிள்ளையிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் முன்னால் நின்று சொன்னேன். நேற்று முன்தினம் நான் சொன்னது தப்பு. மேலே கிடந்த கல்லை மட்டும் பார்த்துவிட்டு அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். உள்ளே இருப்பது உளுத்த கல். அதைப் போட்டால் ரோடு நிற்காது.

கூட்டத்தில் ஒரு ஆள், "தேங்கா ஒடைச்சப்பவே சொல்லியிருக்கக் கூடாதா" என்றார். நியாயமான கேள்விதான்.

தங்கேஸ்வரி முன்னால் வந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"அந்தக் கல்லப் போட்டா எத்தன நாளைக்கு நிக்கும்?"

"ஒரு மழைக்காலம். மிஞ்சினா ரெண்டு."

"ரெண்டு மழை வரைக்கும் வேன் மேல வரும்ல?"

"வரும்."

"அந்த ரெண்டு வருசத்துல எத்தன பேரு பெத்துருவாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க எழுதுனா அந்த ரெண்டு வருசமும் கெடையாது. அதானே?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. நான் பொய் எழுதவும் முடியாது. ரெண்டு வருடம் கழித்து ரோடு போனால் ஐந்தாவது முறை போட யாரும் வர மாட்டார்கள் என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் என் வாயில் அது ஒரு சாக்கு மாதிரித்தான் ஒலித்தது.

அவள் ரோட்டின் பக்கம் கையைக் காட்டினாள். "சரி. கெட்டதச் சொல்லிட்டீங்க. அதோட போயிராதீங்க. நல்ல கல்லு எங்க இருக்குன்னு காட்டிட்டுப் போங்க" என்றாள்.

எனக்கு இரண்டு நாள் மிச்சமிருந்தது. ஜெனரேட்டருக்கு எண்ணெயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

வேலை முடிந்து அன்று பிற்பகல் அவர்கள் வந்த காட்சியை நான் மறக்க மாட்டேன். வரிசை பிள்ளைக்காம்பராவின் வாசலிலிருந்து கோயில் வரைக்கும் நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கல். ஓடைக் கல், மதில் இடிந்த கல், மரக்கறித் தோட்டத்தில் மண்வெட்டிக்குத் தட்டுப்பட்ட கல். ஒரு தாத்தா கதவுக்கு முட்டுக் கொடுக்கிற கல்லையே எடுத்து வந்துவிட்டார். கதவு அடித்துக்கொள்ளும், சீக்கிரம் பார்த்துக் கொடுங்கள் என்று அவசரப்படுத்தினார். ஒருத்தி அம்மிக் குழவியோடு வந்தாள். இது எங்கே எடுத்தது என்றேன். "லுணுகலைக் கடையில வாங்கினதுங்க" என்றாள். அதுவரைக்கும் இறுகிக் கிடந்த வரிசை அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிவபாலன் வாசலில் உட்கார்ந்து, யார், எந்த இடம் என்று எழுதிக் கல்லின் மேல் சுண்ணாம்புக்கட்டியால் எண் போட்டார். நான் உள்ளே பொறி பறக்க விட்டேன். ஈரக் கல்லை உலர்த்த ஒருத்தி அடுப்பு மூட்டினாள். கருவி சொன்னதோடு நிறுத்தவில்லை. என் பிழைக்குப் பிறகு எனக்குக் கருவி மட்டும் போதவில்லை. பாறையில் என்ன இருக்கிறது என்று லேசர் சொல்லும். எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது. தேறிய கல்லையெல்லாம் பியதாச ஜீப்பின் சுத்தியலால் அடித்துப் பார்த்தார், பிறகு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டோம்.

தேறியவை கொஞ்சம்தான். ஓடைக் கற்கள் நல்லவை. ஆனால் ஒரு வளைவுக்குக்கூடப் போதாது. மறுநாள் காலை நாற்பத்து மூன்றாம் எண் கல். கறுப்பாக, எண்ணெய் தடவியது போல ஒரு பளபளப்பு. முதல் பொறியிலேயே சோடியமும் கால்சியமும் நெட்டுக்குத்தாக எழுந்தன. உடைத்துப் புதிய முகத்தைக் காட்டினேன், அதுவும் அப்படியே. சுத்தியல் துள்ளித் திரும்பியது. பியதாச கையை உதறிக்கொண்டு சிரித்தார். எண்ணைப் பார்த்துச் சிவபாலன் படித்தார்: "ஏழாம் நம்பர் மலை."

எல்லோருமாக ஏறிப் போனோம். தேயிலைச் செடிகள் அங்கே சவலையாக நின்றன. செடிகளுக்கு நடுவே யானை படுத்தாற்போல் பாறை வெளியே தெரிந்தது. பறிக்கிறவர்கள் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறும் இடமாம். நாங்கள் நீளவாக்கில் ஒரு தரமும் குறுக்கில் ஒரு தரமும் நடந்து அடி எண்ணினோம். ஏழெட்டு இடத்தில் உடைத்து எடுத்துக் கீழே கொண்டுபோய்ச் சோதித்தேன். இந்தத் தடவை ஓரத்தில் மட்டும் எடுக்கவில்லை. எல்லாம் ஒரே கல்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை முப்பது வயதுச் சிங்கள இளைஞர். பங்களாவில் தேநீர் கொடுத்தார். ஆங்கிலத்தில் பேசினோம். கல் உடைக்க வேண்டிய இடத்தை நாங்கள் குறித்துக் கொண்டுபோன வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அது தேயிலை நிற்கும் நிலம். கல் உடைத்தால் திரும்பத் தேயிலை வராது. கம்பெனி என்னைக் கேட்கும்" என்றார். சிவபாலன் ரோட்டின் பயனை எடுத்துச் சொன்னார்: கொழுந்து லாரி, உர லாரி. தங்கேஸ்வரி படிக்கட்டுக்குக் கீழே நின்றாள். மேலே வரச் சொல்லவில்லை, அவளும் வரவில்லை. அங்கிருந்தே சிங்களத்தில் துரையிடம் ஏதோ சொன்னாள். நீளமாக இல்லை, இரண்டு வாக்கியம். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

ஜீப்பில் ஏறும்போது அவள் என்ன சொன்னாள் என்று சிவபாலனிடம் கேட்டேன். அவர் மொழிபெயர்த்தது இது: "'அந்த மலையில் இருபது வருடம் நான் பறித்திருக்கிறேன், துரை. அங்கே கூடை நிறைந்து நான் பார்த்ததில்லை' என்றாள்."

கம்பெனிக்கு எழுதிப் பார்க்கிறேன் என்பதற்கு மேல் துரை எதுவும் சொல்லவில்லை. அன்று பிள்ளைக்காம்பராவைக் காலி செய்தோம். கம்பளிகளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். வழியனுப்ப நாலைந்து பேர்தான் வந்தார்கள். தங்கேஸ்வரி வந்தாள். கையில் ஒரு பொட்டலம் தேயிலைத்தூள். "சரியா எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். குவியலைத் தள்ளுபடி செய்யச் சொல்லி ஒரு பக்கம். ஏழாம் நம்பர் மலைக் கல்லைப் பற்றி நான்கு பக்கம். என் முதல் சோதனையில் நடந்த பிழையைப் பற்றி ஒரு பத்தி. அந்தப் பத்தியை எடுத்துவிடலாமே என்று எங்கள் துறைத் தலைவர் சொன்னார். நான் எடுக்கவில்லை. சிவபாலன் கையெழுத்திட்டு அனுப்பினார்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி போயிற்று. ஒரு செய்தியும் இல்லை. திருச்சியில் மழை பெய்த நாட்களில் வகுப்பில் நான் பாதியில் நிறுத்திவிடுவதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். மறு வருடம் ஆடியில் நான் தொலைபேசியில் பேசியபோது, வேலை தொடங்கியிருக்கிறது என்று மட்டும் சிவபாலன் சொன்னார். அதற்கடுத்த தை மாதம் அவருடைய கடிதம் வந்தது. எழுத்தில் அவர் அச்சுத் தமிழ்.

"கம்பெனி ஏழாம் நம்பர் மலையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் விட்டுக்கொடுத்தது. அந்தக் கல் இரண்டு கட்டைக்கு வந்தது. மற்ற மூன்று கட்டைக்குக் கல் எடுக்க இன்னும் அனுமதி இல்லை. மாரி முழுவதும் பெய்து முடிந்துவிட்டது. நேற்று நடந்து பார்த்தேன். போட்ட இரண்டு கட்டையில் ஒரு கல்லும் அசையவில்லை. போன மாதம் மேல் டிவிசனில் ஒரு பிரசவம். மூன்று கட்டை கம்பளியில் சுமந்து வந்தார்கள். அதற்குக் கீழே வேன் வந்து நின்றது. பதுளையில் ஆண் குழந்தை. தாயும் சேயும் நலம். உங்களுக்கு என்ன எழுத என்று தங்கேஸ்வரியிடம் கேட்டேன். 'மூணு கட்டை இன்னமும் தூக்குறோம்னு எழுதுங்க' என்றார்."

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு அந்தப் பயணத்தின் குறிப்பேட்டை எடுத்து, பாறையின் மேல் நாங்கள் நடந்து எண்ணிய அடிகளை மறுபடி பெருக்கிப் பார்த்தேன். தோண்டாத பகுதியில் இருக்கும் கல் மூன்று கட்டைக்கும் போதும். போய்க் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். அதைக் கல்லூரித் தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, துரைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, பணம் கொடுப்பவர்களுக்கு ஒன்று என்று மூன்று பிரதி எடுத்தேன். நான்காவதைத் தங்கேஸ்வரியின் பெயருக்கு, தமிழில் எழுதி அனுப்பினேன்.